இடது முன் சக்கரம்

ஜூன் 15

நானும் மனைவியும் மறையூர் போய் வந்தோம். வேனில் ஒரு புதுச் சத்தம். வேகத்தடையில் ஏறும்போது இல்லை. இறங்கும்போது மட்டும், இடது முன் சக்கரத்தருகே ‘டொக்’ என்று ஒரு தட்டு. பின்னால் தண்ணீர் கேன் உருள்கிறது என்றாள் சுலோச்சனா. எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த வேகத்தடையிலும் டொக். கேன் மேல் குற்றமில்லை.

மே மாதம் அந்தப் பாழாய்ப்போன தலைவலியோடு படுத்து எழுந்த பிறகு இன்றுதான் மலைப்பாதையில் ஓட்டினேன். கை மறக்கவில்லை. வழியெல்லாம் “ஓரமுங்க, ஓரமுங்க” என்று பக்கத்து சீட்டிலிருந்து இவள் போட்ட சத்தம்தான் வண்டியின் சத்தத்தைவிட அதிகம். மலை என்றால் அவளுக்குப் பயம்.

ஜூன் 17

பள்ளி விட்டதும் ரவூப்பின் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நானும் கீழே படுத்துக்கொண்டேன். “சட்டை அழுக்காகுமுங்க பி.டி. சார்” என்றார். ஆகட்டும். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் முழங்காலையும் கணுக்காலையும் பிடித்துப் பார்த்தவனுக்கு வண்டியின் கால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருக்காதா?

அச்சு அசலாகக் கால்தான். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை ஒன்று; அதன் நுனியில் இடுப்பெலும்பு மாதிரி ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. பால் ஜாயின்ட் என்கிறார்கள். அதற்கும் மேலே விரல் தடிமனில் ஒரு கம்பி. லிங்க் ராடு. அதன் முனைதான் தேய்ந்து ஆடியது. மாற்றியதும் சத்தம் போய்விட்டது. பழையதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஆட்டிப் பார்த்தால் மணிக்கட்டுபோல எல்லாப் பக்கமும் சுழல்கிறது.

ஜூன் 24

இப்போதெல்லாம் பேப்பரில் தலைப்பே சரியாகப் போடுவதில்லை. ‘நிறுத்தம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என்ன நிறுத்தம் என்று முழுச் செய்தியையும் படித்தால், பஸ்காரர்களின் வேலை நிறுத்தம். கேட்டதற்கு, “சரியாத்தான போட்டிருக்குது” என்கிறாள் சுலோச்சனா. அவள் பேப்பர் படிப்பதே அடுப்புக்கும் அரிவாள்மணைக்கும் நடுவில்.

ஜூலை 2

மறுபடியும் இடது முன்பக்கம். இந்த முறை ‘டொக்’ இல்லை. திருப்பும்போது கதவுக் கீல் முனகுவதுபோல ஒரு சத்தம்.

மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாலிபால் ஆட்டத்துக்கு நடுவராக நின்றேன். கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை நான் உள்ளே என்று சொன்னதாக ஒரே ரகளை. ஒன்று என்றால் பரவாயில்லை, ஆட்டம் முழுக்க. ஒரு பக்கத்துக் கோட்டில் மட்டும் சார் ஓரவஞ்சனை செய்கிறாராம். என்னைப் பார்த்து இதுவரை யாரும் சொல்லாத சொல். மனது சரியில்லை.

ஜூலை 5

ரவூப்பே தலையைச் சொறிகிறார். இடது சக்கரத்தைத் தாங்கும் அந்த இரும்புக் கையில், கீழ் ஆர்ம் என்கிறார், ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறது. பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம்.

“வலது பக்கம் நேத்து ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருக்குதுங்க. இடது பக்கம் மட்டும் கல்லு லோடு அடிச்ச வண்டியாட்டம் இருக்குது. என்ன சார் பண்றீங்க?”

அதைத்தான் நானும் கேட்கிறேன். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே நாளில் பொருத்திய இரண்டு கால்கள். ஒன்று மட்டும் ஏன் நொண்டுகிறது?

யோசித்ததில் ஒன்று பட்டது. தாரை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுகிறார்கள், மழைத்தண்ணீர் வடிவதற்காக. அப்படியென்றால் வண்டியின் கனம் எப்போதும் இடது பக்கம்தான் சாய்கிறது. அதோடு முன்னால் இடது பக்கம் உட்காருவது சுலோச்சனா. இந்தக் கடைசி வாக்கியத்தை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

“அப்ப நான் உக்காந்துதான் இரும்பு ஒடையுதுங்களா?”

இனிமேல் பின் சீட்டில் வலது பக்கம்தான் உட்காருவாளாம். கோபத்தில் சொன்னாலும் நல்ல பரிசோதனை. ஆர்ம், புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் புதிது. கனத்தையும் மாற்றியாயிற்று. பார்ப்போம்.

ஜூலை 13

வண்டி விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை.

தாராபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு இனிப்பே வைக்கவில்லை. ஊறுகாயும் இல்லை, உப்பும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பந்தி விசாரணை அவ்வளவுதான் என்று பேசாமல் எழுந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுலோச்சனா என் இலையையே ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இனிப்பு வேண்டாமுங்களா?” என்றாள். “வைத்தால்தானே வேண்டும், வேண்டாம்” என்றேன்.

திரும்பும் வழியில், ஊருக்குள் நுழையும் திருப்பத்தில் வேகம் குறைத்தபோது ஓர் இடி. வண்டியின் மூக்கு இடது பக்கம் தரையில் இறங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். கிண்ணத்தைவிட்டு உருண்டை வெளியே வந்து, சக்கரம் மூட்டு நழுவிய பையனின் கால்போல வெளிப்பக்கம் மடங்கிக் கிடந்தது. பத்து நாள்கூட ஆகாத ஜாயின்ட். தாராபுரம் ரோட்டில் வந்த வேகத்தில் இது நடந்திருந்தால்? அதை யோசிக்க நேரம் இல்லாமல், உருண்டை எப்படிக் கழன்றது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்தக் கல்லு தெரியலீங்களா உங்களுக்கு?” என்றாள் சுலோச்சனா.

“எந்தக் கல்?”

கையை நீட்டினாள். பின்னால், சாலையோரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பெயிண்ட் அடித்த கல் ஒன்று பெயர்ந்து சாய்ந்திருந்தது. நான் அதில் ஏற்றினேனாம். பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரிந்த கல் எனக்குத் தெரியாமல் போகுமா? சக்கரம் மடங்கிய பிறகு வண்டி இழுபட்டுப் போய் இடித்திருக்கும். அதுதான் நியாயமான வரிசை.

ஜூலை 16

ரவூப் கேட்டார்: “வண்டிய வேற யாராச்சும் ஓட்டறாங்களா சார்?”

எனக்கு ஏன் இது தோன்றாமல் போனது? மயில்சாமி. சுலோச்சனாவின் தம்பி. சமையல் கான்ட்ராக்ட். ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் வந்தால் அண்டா, குண்டான், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக வேனைத்தான் கேட்பான். பாத்திரங்களை எந்தப் பக்கம் அடுக்குகிறானோ.

ஜூலை 18

கேட்டுவிட்டேன். அவனுடைய சமையல் ஆட்கள் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

“மாப்ள, வண்டிய எங்க கொண்டுபோய் ஏத்தி எறக்கற? முன்னால எல்லாம் நொறுங்கிக் கெடக்குது.”

“நானுங்களா? அண்டா நசுங்கப் போகுதுன்னு மாட்டு வண்டியாட்டம் ஓட்டறவனுங்க நானு.”

“அப்ப தானா ஒடையுதா?”

மயில்சாமி சட்டைப் பையிலிருந்து வேனின் இன்னொரு சாவியை எடுத்து, அருகில் இருந்த அரிசி மூட்டை மேல் வைத்தான்.

“இனி கேக்க மாட்டனுங்க மச்சான்.”

வீட்டில் சுலோச்சனா சாப்பிடவில்லை. தம்பி போன் செய்திருக்க வேண்டும்.

ஜூலை 27

இடது தோளில் கன்றிப்போன தடம். எங்கே இடித்தது என்று தெரியவில்லை. சமையலறை நிலைப்படியில்தான் என்கிறாள் இவள். வீட்டின் நிலைப்படி நகர்ந்தா வந்தது?

இப்போது வண்டியைத் தொடுவது நான் ஒருவன் மட்டும். சத்தம் இல்லை. சந்தேகம் சரிதான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3

சரியில்லை. இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடிந்திருக்கிறது. ரிம்மின் உதடு நசுங்கியிருக்கிறது. மயில்சாமி ஆர்டருக்கு வேறு வண்டி வாடகைக்கு எடுத்துப் போகிறானாம். என்னைத் தவிர யாரும் ஓட்டவில்லை.

ரவூப் கீழேயிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் பிடிபடலீங்க. சாமான் நல்ல சாமான்தான். நான் பூட்டுனதும் சரிதான். வேணும்னா வேற ஒர்க்ஷாப்ல காட்டுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

சாமான் இல்லை. கனம் இல்லை. மயில்சாமி இல்லை. அப்புறம் யார் மிச்சம் என்று எழுத வந்து பேனாவை வைத்துவிட்டேன்.

வண்டி தானாக இடது பக்கம் இழுக்கிறதா என்று ஒரு சோதனை பாக்கி. இந்த மாதக் கடைசியில் கரூரிலிருந்து சங்கவியைக் கூட்டிவர வேண்டும். வளைகாப்பு முடிந்து, வயிற்றுப் பிள்ளையோடு என் மகள் இந்த வண்டியில்தான் வரப்போகிறாள். அதற்குள் விடை தெரிந்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 10

விடை தெரிந்துவிட்டது. எழுத வேண்டும்.

காலையில் பள்ளி மைதானத்துக்கு வேனை ஓட்டிப் போனேன். விடுமுறை, ஒருவரும் இல்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் போடுவதுபோல இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டேன், வண்டியின் அகலத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு. இடது கோட்டின்மேல் சிவப்புக் கூம்புகளை வரிசையாக நிறுத்தினேன். அந்தக் கோட்டின் முனையில் சுலோச்சனாவைக் கொடியோடு நிற்கச் சொன்னேன்.

“வண்டி கோட்டைத் தாண்டிச்சுன்னா கொடிய ஆட்டு. நான் நிறுத்தறேன்.”

முதல் கியரில் மெதுவாக வந்தேன். ஸ்டியரிங்கைப் பட்டும் படாமல் பிடித்திருந்தேன். வலது கோடு வெள்ளை வெளேரென்று நேராகப் போனது. கொடி ஆடவில்லை. அப்படியென்றால் இழுப்பு இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சக்கரத்தடியில் ஏதோ நசுங்கியது. பானெட்டில் பட் பட் என்று அடி. “நிறுத்துங்க! ஏனுங்க, நிறுத்துங்க!”

பிரேக்கை மிதித்தேன். இறங்கினேன். கூம்புகள் எல்லாம் வண்டிக்கு அடியிலும் பின்னாலும் கிடந்தன. இடது ஹெட்லைட்டுக்கு ஒரு முழம் தள்ளி சுலோச்சனா. முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏன் கொடிய ஆட்டல?”

“ஆட்டிட்டேதான இருந்தேன்! கத்துனேன்! என்னையப் பாத்துட்டேதான வந்தீங்க?”

பார்த்துக்கொண்டுதான் வந்தேன். இல்லை. அவள் நிற்கும் திசையைப் பார்த்தேன். அங்கே மைதானம் இருந்தது, வேப்பமரம் இருந்தது, எதுவும் குறையாக இல்லை. அவள் மட்டும் இல்லை. இல்லாததை நான் கவனிக்கவும் இல்லை.

அப்போது எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் இப்போது ஆச்சரியம். வேறெதுவோ வந்தது, பள்ளி நாளில் முதன்முதலாக லென்ஸில் வெயிலைக் குவித்துக் காகிதம் கருகியதைப் பார்த்தபோது வந்தது மாதிரி. மைதானத்தின் நடுவில் போய் நின்று வாலிபால் கம்பத்தை மட்டும் பார்த்தேன். “எனக்கு முன்னால இடது கையிலிருந்து வலது கைக்கு நட” என்றேன். நடந்தாள். மண்ணில் செருப்புச் சத்தம் கேட்கிறது, ஆள் இல்லை. கம்பத்தருகே வந்ததும் வெறும் காற்றிலிருந்து முதலில் கொடி, பிறகு கை, பிறகு பாதி முகம், பிறகு முழு சுலோச்சனா. திரும்பி நடக்கச் சொன்னேன். அதே இடத்தில் மறைந்தாள். வலது கண்ணைப் பொத்தினேன். அதே இடம். இடது கண்ணைப் பொத்தினேன். அதே இடம். கண் கெட்டிருந்தால் ஒன்று கெடும். இரண்டும் சொல்லிவைத்தாற்போல ஒரே கோட்டில் கெடுமா?

“இன்னொரு தடவ நட” என்றேன்.

சத்தம் இல்லை. தலையைத் திருப்பித் தேடினேன். கொடியைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“ரெண்டு மாசமா ஓரம், ஓரம்னு கத்தறனே. நான் பயந்தாங்கொள்ளின்னுதான நெனச்சீங்க? பின்னால போய் உக்காந்தேன், வண்டியே விழுந்துருச்சு. அன்னைக்கே எனக்கு என்னமோ பட்டுச்சுங்க. எலையில இனிப்பு இருந்துச்சு. உப்பு, ஊறுகா எல்லாம் இருந்துச்சு. பாதி எலையத் தொடாமயே எழுந்தீங்க. எப்படி உங்ககிட்டச் சொல்றதுன்னு தெரியல.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இந்த இரண்டு மாதமும் இதே சாலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என் இடது பக்கமாகத்தான் சைக்கிளில் போனார்கள்.

வேனை வேப்பமரத்தடியிலேயே பூட்டிவிட்டு நடந்து வந்தோம்.

ஆகஸ்ட் 13

கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரி. கிண்ணம்போன்ற ஒரு மெஷினுக்குள் தாடையை வைத்து, எங்காவது விளக்கு மின்னினால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுநடுவே மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லையாம். இடது பக்கம் மின்னிக்கொண்டே இருந்ததாம்.

பிறகு தலைக்கு ஸ்கேன். படத்தைக் காட்டிப் பேசியவர் என் மகளைவிடக் கொஞ்சம் பெரிய வயதுடைய டாக்டர் அம்மா.

“கண்ணுல ஒண்ணுமில்லைங்க. கண்ணு பார்த்ததை வாங்கிக்கிற இடம் மூளையோட பின்பக்கம் இருக்குது. அங்க வலது பக்கம் ரத்தக்குழாய்ல சின்னதா ஒரு அடைப்பு வந்திருக்குது. அதனால ரெண்டு கண்ணுக்கும் இடது பாதி போயிருச்சு. ரெண்டு மூணு மாசம் ஆகியிருக்கும். பலமா தலைவலி ஏதாவது வந்துதா?”

நான் யோசிப்பதற்குள் சுலோச்சனா மே மாதத்தைச் சொல்லிவிட்டாள். வெயில் காய்ச்சல் என்று நான் மாத்திரை போட்டுப் படுத்ததையும் சேர்த்து.

“பார்வை திரும்புமுங்களா?” என்று கேட்டதும் அவள்தான்.

“இவ்வளவு நாள் ஆயிருச்சு. பெருசா எதிர்பார்க்க வேண்டாம். இன்னொரு அடைப்பு வராம இருக்கத்தான் மாத்திரை. அதை ஒரு நாளும் விடக் கூடாது. வண்டி ஓட்டவே கூடாது.”

தலையாட்டினேன். ஆனால் ஒன்று கேட்காமல் எழ முடியவில்லை. “பாதி போயிருந்தா அந்தப் பக்கம் இருட்டாத் தெரியணுமே. எனக்கு ஏன் ஒரு குறையும் தெரியல?”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “உங்க முதுகுக்குப் பின்னால இருட்டாவா இருக்குது?”

இல்லை. அங்கே இருட்டு இல்லை. அங்கே எதுவுமே இல்லை. பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம் முடிந்ததும் ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். இனி நடுவராக நிற்பதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, “அப்ப அந்த மேட்ச்ச மறுபடியும் ஆடலாங்களா சார்?” என்றாள். ஆடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 17

மயில்சாமியின் கொட்டகைக்குப் போனேன். பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் போனேன்.

“தப்பு என்ற மேலதான் மாப்ள. வண்டிய ஒடச்சது நான்தான்.”

கிளறுவதை அவன் நிறுத்தவில்லை. “அக்கா சொல்லுச்சுங்க.” தீயைத் தணித்துவிட்டு, “இத்தன பேர் முன்னாலதானுங்க என்னையக் கேட்டீங்க” என்றான்.

“அதனாலதான் இத்தன பேர் முன்னால சொல்றேன்.”

கரண்டியை எடுத்து ஓரத்தில் தட்டினான். பிறகு அதே கரண்டியை என் முகத்துக்கு இடது பக்கம் நீட்டியிருக்கிறான் போலிருக்கிறது. “இது தெரியுதுங்களா?”

“எது?”

அவன் ஆட்களில் ஒருவர் “அட சாமி” என்றார். கரண்டி மெல்ல மெல்ல நகர்ந்து என் மூக்குக்கு நேராக வந்து முளைத்தது, ஆவியோடு. “இப்பத் தெரியுது” என்றேன். அவனுக்கு நம்பவே முடியவில்லை. இன்னொரு தடவை செய்து பார்த்தான். எனக்கும் பிடித்திருந்தது. கடைசியில் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தான். ஆவிதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

“சங்கவிப் புள்ளையக் கூட்டியாறது என்னைக்குங்க?”

சாவியைக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 22

ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பார்வை போன பக்கம் கண்ணை மட்டும் உருட்டினால் போதாது. தாடை தோளைத் தொடும் அளவுக்குத் தலையையே திருப்ப வேண்டும், பழக்கம் ஆகும்வரை. காலையில் தெருவில் நடந்துகொண்டே செய்தேன். எதிர்வீட்டுக்காரர், “யாரைங்க தேடறீங்க?” என்றார்.

மாத்திரை போட்டுக்கொண்டேன். பாதி இலை வழக்கம் இன்னும் போகவில்லை. தட்டைக் கையால் சுற்றிச் சுற்றிச் சாப்பிடுகிறேன்.

ரவூப் இடது பக்க வேலையை முடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு வந்து, வண்டியை மறுபடியும் ஜாக்கியில் தூக்கி, முடித்த நட்டுகளையெல்லாம் ஒருமுறை இறுக்கினார்.

ஆகஸ்ட் 28

சங்கவி வீட்டுக்கு வந்துவிட்டாள். கை நிறையக் கண்ணாடி வளையல். நடு சீட்டில் சாய்ந்து படுத்த மாதிரி அவள், பக்கத்தில் அவள் அம்மா, ஓட்டியது மயில்சாமி. நான் முன்னால் இடது சீட்டில், சுலோச்சனா உட்காரும் இடத்தில். இத்தனை வருடமும் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கையே பாரமாக இருந்தது.

கரூர் தாண்டியதும் சங்கவி, “அப்பா, எனக்கு நெசமாவே புரியல. இப்ப ரோடு எப்படித் தெரியுது?” என்று கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் அவளுக்கு அழுகை வந்தது. எனக்குப் பேச்சு வந்தது. முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றி டாக்டர் அம்மா சொன்னதைச் சொன்னபோது அவள் அழுவதை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

தாராபுரத்துக்கு முன்னால் பாலம் வேலை நடக்கிறது. தோட்டத்து மண்பாதையில் சுற்றிவந்து மெயின் ரோட்டில் ஏற வேண்டியிருந்தது. ஏறும் இடத்தில் மயில்சாமி நிறுத்தினான். அவன் பக்கம் ரோடு காலி. என் பக்கத்தைச் சோளத்தட்டும் என் உடம்பும் மறைத்தன. எல்லா டிரைவரும் கேட்பதைத்தான் கேட்டான்.

“மச்சான், அந்தப் பக்கம் ஏதாச்சும் வருதுங்களா?”

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை இறுகியது. “இருடா, நான் எறங்கிப் பாக்கறேன்” என்று சுலோச்சனா கதவைத் தேடினாள்.

“உக்காரு” என்றேன்.

கண்ணாடியை இறக்கினேன். தாடை தோளில் முட்டும்வரை தலையைத் திருப்பினேன். போதவில்லை, இடுப்பையும் திருப்பினேன். சோளத்தட்டு வந்தது, மைல்கல் வந்தது, ரோடு கடைசிவரை வந்தது. அதில் ஒரு பெரியவர் பால் கேன் கட்டிய மொபெட்டில், எந்த அவசரமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தார்.

“ஒரு மொபெட் வருது. நில்லு.”

மயில்சாமி நின்றான். மொபெட் எங்களைக் கடந்து போனது. நான் இன்னொரு முறை கடைசிவரை பார்த்தேன்.

“ஒண்ணுமில்ல. இப்ப எடு.”

எடுத்தான்.